டயர் ரப்பர் அப்பிய காரைச் சுத்தம் செய்வது: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

கோவைக்குப் பக்கத்தில் செட்டிபாளையத்தில் உள்ள கரி மோட்டார் ஸ்பீட்வே ரேஸ் டிராக்கில் டிராக் டே (சொந்தக் காரைக் கொண்டுபோய் ஓட்டிப் பார்க்கும் நாள்) நடந்த ஞாயிற்றுக்கிழமைகளில், சாயங்காலம் எங்கள் பட்டறை வாசலில் வந்து நிற்கும் கார்களை ஒரு பார்வையிலேயே கண்டுபிடித்துவிடலாம். சக்கரத்துக்குப் பின்னால், டோருக்குக் கீழே ஓடும் ஸ்கர்ட்டில், பின் பம்பரின் மூலையில், யாரோ விசிறியடித்த மாதிரி கறுப்புக் கோடுகள் இருக்கும். கிட்டே போய்ப் பார்த்தால் அவை கோடுகள் அல்ல. மிளகு அளவிலும் கடுகு அளவிலும் ஒட்டியிருக்கும் ரப்பர் துணுக்குகள். அந்தக் கார்களின் சொந்தக்காரர்கள் திரும்பத் திரும்பக் கேட்கும் கேள்விகளை இங்கே எழுதி வைக்கிறேன். வீட்டிலேயே செய்துகொள்ள நினைப்பவர்களுக்கு உதவும். பாதிக் கார்கள் ரப்பரால் கெடுவதில்லை, ரப்பரை எடுக்கிறேன் என்று தேய்த்த தேய்ப்பில்தான் கெடுகின்றன. அதைப் பார்த்துப் பார்த்து மனசு கேட்காமல்தான் எழுத உட்கார்ந்தேன்.

சோப்புப் போட்டுக் கழுவினால் போகாதா? டயர் ரப்பர் ஏன் இப்படி ஒட்டுகிறது?

போகாது. ரப்பர் என்பது சேறு மாதிரி மேலே உட்கார்ந்திருக்கும் அழுக்கு அல்ல. மரத்துப் பாலில் இருந்து வரும் ரப்பர் வெயிலில் இளகும், குளிரில் விறைக்கும். அதில் கந்தகத்தைச் சேர்த்துச் சூடாக்கினால் உறுதியாகிறது என்பதை 1839-ல் சார்லஸ் குட்இயர் கண்டுபிடித்தார். இன்றைக்கும் டயர் அதே அடிப்படையில்தான் வருகிறது. இயற்கை ரப்பர், செயற்கை ரப்பர், கார்பன் கறுப்பு, எண்ணெய், கந்தகம், கெடாமல் காக்கும் சில ரசாயனங்கள் எல்லாம் அதில் உண்டு.

வளைவில் கார் சறுக்கும்போதும், நின்ற இடத்தில் சக்கரத்தைச் சுழலவிட்டுப் புகை கிளப்பும்போதும், உரசும் மேல்பரப்பில் சூடு ஏறிப் போகிறது. அந்தச் சூட்டில், ரப்பர் இழைகளுக்கு நடுவே கந்தகம் போட்ட முடிச்சுகள் சில அவிழ்ந்து, ரப்பர் மறுபடியும் பிசுபிசுப்பாகிறது. அந்த நிலையில்தான் அது பிய்ந்து, பறந்து, பெயின்டில் அறைகிறது. ஆறியதும் இறுகிக்கொள்கிறது. தண்ணீருக்கும் சோப்புக்கும் அது அசையாது.

இன்னொன்றையும் சேர்த்தே தெரிந்துகொள்ளுங்கள். டயர் ரப்பர் எந்தக் கரைப்பானிலும் சர்க்கரை மாதிரிக் கரைந்து ஓடாது. ஊறி உப்பும், பிடி தளரும், அவ்வளவுதான். மருந்து போட்டதும் கரைந்துவிடும் என்று எதிர்பார்த்து, கரையவில்லையே என்று அழுத்தித் தேய்க்கிறார்கள். எல்லாத் தப்பும் அங்கேதான் தொடங்குகிறது.

வீட்டுக்கு வந்ததும் முதலில் என்ன செய்ய வேண்டும்?

காரை நிழலில் நிறுத்திவிட்டு நீங்கள் போய் ஒரு டீ குடியுங்கள். வீல், பிரேக், பானெட் எல்லாம் கை வைத்தால் சூடு தெரியாத அளவுக்கு ஆற வேண்டும். சூடான பெயின்டில் எந்த மருந்தைத் தெளித்தாலும் அது வேலை செய்வதற்கு முன்பே காய்ந்து கறையாகிவிடும். சூடான பிரேக் டிஸ்க்கில் பச்சைத் தண்ணீரைப் பீய்ச்சுவதும் நல்லதல்ல.

ஆறிய பிறகு தண்ணீர் அடித்து, ஷாம்பு போட்டு, மேலே உள்ள மண்ணைக் கழுவ வேண்டும். ரப்பர் அப்படியே இருக்கும், இருக்கட்டும். டிராக் ஓரத்து மணல் போவதுதான் இப்போது முக்கியம். மணல் இருக்கிற காரில் ரப்பரைத் தேய்த்தால் உப்புத்தாள் போட்ட மாதிரி ஆகிவிடும். இரண்டு பக்கெட் வையுங்கள், ஒன்றில் ஷாம்பு தண்ணீர், இன்னொன்றில் துணியை அலச வெறும் தண்ணீர்.

அன்றைக்கே செய்ய முடியாவிட்டால் மறுநாள் செய்யலாம். ஒரு வாரம் வெயிலில் போட்டுவிட்டு வந்தால் வேலை மூன்று மடங்கு.

சரி, ரப்பரை எடுப்பது எப்படி? படிப்படியாகச் சொல்லுங்கள்.

போன மாதம் வந்த ஒரு வெள்ளைக் காரின் பின் பம்பரை வைத்தே சொல்கிறேன். வலது மூலையில் உள்ளங்கை அகலத்துக்கு நாற்பது ஐம்பது துணுக்குகள். கழுவி, துடைத்துக் காயவைத்தாயிற்று. மைக்ரோஃபைபர் துணியை நான்காக மடித்து, ஒரு பக்கத்தைத் தார் ரிமூவரில் (தார்க் கறையை எடுக்கக் கடையில் விற்கும் மருந்து) நன்றாக நனைத்தேன். அதைப் பம்பர் மேல் வைத்து, காய்ச்சல்காரன் நெற்றியில் ஈரத்துணி போடுகிற மாதிரி, சும்மா ஒட்டவிட்டேன். தேய்க்கவில்லை. ஒன்றரை நிமிடம், இரண்டு நிமிடம்.

துணியை எடுத்துப் பார்த்தால் சின்னத் துணுக்குகள் துணியோடு வந்துவிட்டன. பெரிய துணுக்கு ஒன்று அங்கேயே நின்றது. ஆனால் அதன் ஓரம் எழும்பியிருந்தது. ஆறின பாலில் ஆடை கட்டினால் அதன் ஓரம் சுருங்கி நிற்குமே, அந்த மாதிரி. மறுபடியும் ஒரு நிமிடம் ஊறவிட்டு, துணியின் சுத்தமான பக்கத்தைத் திருப்பி, ஓரத்தில் இருந்து நடுப்பக்கம் ஒரே ஒரு இழுப்பு. முழுசாக வந்துவிட்டது.

இதுதான் மொத்த வித்தையும். ஊறவிடுங்கள், எழும்பவிடுங்கள், பிறகு எடுங்கள். வராவிட்டால் கையை அழுத்தாதீர்கள், நேரத்தைக் கூட்டுங்கள். துணியின் ஒரு பக்கம் கறுத்ததும் மடிப்பைத் திருப்புங்கள், எல்லாப் பக்கமும் கறுத்ததும் வேறு துணி. கறுத்த பக்கத்தாலேயே துடைத்தால் எடுத்த ரப்பரைப் பக்கத்தில் பூசுகிறீர்கள் என்று அர்த்தம்.

கெட்டியான கட்டி ஏதாவது இருந்தால், ஊறிய பிறகு பழைய ஏடிஎம் கார்டின் ஓரத்தைப் படுக்கையாக வைத்துத் தள்ளலாம். நகத்தால் சுரண்ட வேண்டாம், பெயின்ட் மேல் கத்தி வேண்டவே வேண்டாம். ஒரு பகுதி முடிந்ததும் ஷாம்பு தண்ணீரால் கழுவி மருந்தின் எண்ணெய்ப் பிசுக்கை எடுத்துவிட்டு அடுத்த பகுதிக்குப் போங்கள். முழுக் காருக்கும் ஒரேயடியாக மருந்து அடித்துவிட்டு ஓடி ஓடித் துடைப்பது நடக்காத காரியம்.

எந்த மருந்து நல்லது? பெட்ரோல், மண்ணெண்ணெய், தின்னர் போடலாமா?

கார் பாகங்கள் விற்கும் கடையில் கிடைக்கும் தார் ரிமூவர்தான் என் முதல் தேர்வு. ஆரஞ்சுத் தோல் எண்ணெய் சேர்ந்த வகை மெதுவாக வேலை செய்யும், பெயின்டுக்குச் சாது. பெட்ரோலிய வகை வேகமானது. எதுவானாலும் முதலில் கண்ணில் படாத இடத்தில், டோருக்கு உட்பக்கம் கீழ் ஓரத்தில், ஒரு சொட்டு போட்டுப் பாருங்கள்.

மண்ணெண்ணெயை நம் பக்கத்துப் பழைய டிரைவர்கள் எல்லோரும் பயன்படுத்தியிருக்கிறார்கள். வேலை செய்யும், மறுக்கவில்லை. ஆனால் எண்ணெய்ப் படலத்தை விட்டுப் போகும், அதில் தூசி அப்பும், உடனே ஷாம்பு போட்டாக வேண்டும். பெயின்ட் கடையில் விற்கும் டர்பன்டைனும் கிட்டத்தட்ட அதே கணக்கு. பெட்ரோல் வேண்டாம். சட்டென்று ஆவியாவதால் ரப்பர் ஊறுவதற்கு நேரமே கிடைக்காது. அந்த ஆவி தரையோடு தரையாகப் படர்ந்து, எங்கோ ஒரு தீப்பொறியில் பற்றிக்கொள்ளும். அரைகுறையாக ஆறிய சைலன்சர் பக்கத்தில் பெட்ரோல் துணியோடு ஒருவர் குனிந்து நிற்பதைப் பார்த்தால் எனக்கு அடிவயிறு கலங்கும்.

தின்னர் கூடவே கூடாது. ஏன் என்று எங்கள் பட்டறையில் நடந்ததையே சொல்கிறேன். புதிதாகச் சேர்ந்த தம்பி ஒருவர், ரப்பர் வரவில்லையே என்று பெயின்ட் ரூமில் இருந்த தின்னரை எடுத்துப் பம்பரில் தேய்த்துவிட்டார். கம்பெனி பெயின்டாக இருந்திருந்தால் பளபளப்பு மங்கியதோடு தப்பித்திருக்கலாம். ஆனால் அந்தப் பம்பர் முன்பு எங்கேயோ டிங்கரிங் பார்த்து, தின்னரில் கரைந்துவிடும் பழைய வகை என்சி பெயின்ட் அடித்தது. துணியோடு சிவப்பு அப்படியே உருகி வந்தது. பம்பரை முழுசாகச் சுரண்டி, ஹார்டனர் கலந்து அடிக்கும் 2கே பெயின்ட் அடித்துக் கொடுத்தோம். தப்பு அந்தத் தம்பியுடையது அல்ல. சொல்லிக் கொடுக்காமல் வேலையை ஒப்படைத்த நான்தான் பொறுப்பு.

அதனால் ஒரு பழக்கம் வைத்துக்கொள்ளுங்கள்: துணியை அடிக்கடி பாருங்கள். கறுப்பு வந்தால் ரப்பர். பழுப்பு வந்தால் டயரின் எண்ணெய்க் கறை. காரின் நிறமே வந்தால் கையை எடுங்கள், அது கிளியர் கோட் (நிறத்துக்கு மேலே அடிக்கும் நிறமற்ற பூச்சு) இல்லாத பெயின்ட் அல்லது மட்டமான டச்சப். மேலே தொடராமல் பெயின்டரிடம் காட்டுங்கள்.

கையுறை போடுவது அவசியம். வெள்ளை ரப்பர் கையுறை இந்த மருந்துகளில் உப்பிக் கிழிந்துவிடும். நைட்ரைல் கையுறை வாங்குங்கள்.

ஏனுங்க, தேங்காய் எண்ணெயில் போகுமாமே?

தேங்காய் எண்ணெய் ஆலைகள் உள்ள காங்கேயம் பக்கத்தில் இருந்து வருகிற எல்லோரும் இதைக் கேட்பார்கள். ரோட்டுத் தார்ப்புள்ளி புதிதாக இருந்தால் தேங்காய் எண்ணெயில் இளகும், உண்மைதான். டயர் ரப்பரில் அன்றைக்கே ஒட்டிய மெல்லிய இழுப்பு மட்டும் கொஞ்சம் தளரும். இறுகிய துணுக்கை அது அசைக்காது. பெயின்டைக் கெடுக்காது என்பதால் முயற்சி செய்து பார்ப்பதில் தப்பில்லை, முடித்ததும் ஷாம்பு போட்டுவிடுங்கள்.

திருப்பூர் பனியன் வேஸ்டால் துடைக்கலாமா? ஒர்க்‌ஷாப்பில் எல்லோரும் அதைத்தானே வைத்திருக்கிறார்கள்?

என்ஜின் ஆயிலைத் துடைக்க, கையைத் துடைக்க, தரையைத் துடைக்கப் பனியன் வேஸ்டைப் போல ஒன்று கிடையாது. கிலோ கணக்கில் நானும் வாங்குகிறேன். ஆனால் பெயின்ட் மேல் அதை வைக்க விடமாட்டேன். மூட்டையில் நல்ல பருத்தித் துண்டோடு பாலியஸ்டர் கலந்த துண்டும் வரும், ஓவர்லாக் தையல் ஓரமும் வரும், சில சமயம் லேபிளும் பட்டனும் வரும். அந்தத் தையல் ஓரம் ஒன்று போதும், கறுப்புக் காரில் வெயில் பட்டால் சிலந்தி வலை மாதிரிக் கோடு தெரிவதற்கு.

கிளியர் கோட் எவ்வளவு தடிமன் என்று தெரிந்தால் இந்தப் பயம் உங்களுக்கும் வரும். பெரும்பாலான கார்களில் அது 40, 50 மைக்ரான்தான். நம் தலைமுடி ஒன்றின் தடிமனைவிடக் குறைவு. ஒவ்வொரு கீறலையும் பாலிஷ் போட்டு எடுக்கும்போது அதிலிருந்துதான் கொஞ்சம் செலவாகிறது.

கீழே விழுந்த துணியை, மைக்ரோஃபைபராகவே இருந்தாலும், அன்றைக்கு மறுபடியும் காரில் வைக்காதீர்கள்.

வெள்ளைக் காரில் ரப்பர் போய்விட்டது, ஆனால் டீ கொட்டின மாதிரி பழுப்பு வட்டம் நிற்கிறது. அது என்ன?

டயர் வெயிலிலும் காற்றிலும் வெடிக்காமல் இருக்க ஒரு பாதுகாப்பு ரசாயனம் சேர்க்கிறார்கள். அதிகம் பயன்படுவதன் பெயர் 6பிபிடி. அது ரப்பருக்குள்ளேயே நிற்காது, மெதுவாக மேல்பரப்புக்கு வந்துகொண்டே இருக்கும். வந்து காற்றில் பட்டதும் பழுப்பாகும். பழைய டயரின் பக்கச்சுவர் செம்பழுப்பாகத் தெரிவதும் இதனால்தான். ரப்பர் துணுக்கு பெயின்டில் உட்கார்ந்திருந்த நேரத்தில் இந்த ரசாயனமும் எண்ணெயும் கிளியர் கோட்டுக்குள் கொஞ்சம் இறங்கியிருக்கும். அந்த வட்டம்தான் நீங்கள் பார்ப்பது.

தார் ரிமூவரை இன்னொரு முறை ஐந்து நிமிடம் துணியோடு ஒட்டவிட்டுப் பாருங்கள். அதற்கும் நின்றால் மெல்லிய பாலிஷ், கையாலேயே, ஸ்பாஞ்சு வைத்து. அப்புறமும் லேசாகத் தெரிந்தால் விட்டுவிடுங்கள். மேலாகப் பிடித்த கறை வெயிலில் வாரக்கணக்கில் தானே வெளிறுவதை நிறையத் தடவை பார்த்திருக்கிறேன். மிச்சமுள்ள அந்த நிழலுக்காக ரப்பிங் காம்பவுண்ட் போட்டுக் கிளியர் கோட்டைக் கரைப்பது கட்டுப்படியாகாது.

கிளே எப்போது போட வேண்டும்?

கிளே என்பது பெயின்டில் ஒட்டிய பொடியைப் பிடித்து எடுக்கும், பிசையக்கூடிய களிமண் மாதிரியான கட்டி. தார் ரிமூவர் எடுக்காமல் விட்ட பொடித் துணுக்குகளுக்கு அதைப் போட வேண்டும். புகையாகக் கிளம்பிய ரப்பர் ஆவி காரின் பின்பக்கம் முழுக்க மெல்லியதாகப் படிந்து, கண்ணுக்குத் தெரியாமல் கைக்கு மட்டும் சொரசொரப்பாக இருக்குமே, அதற்கும் கிளேதான் சரி. நிறையத் தண்ணீரும் ஷாம்புவும், அல்லது அதற்கென்று வரும் ஸ்பிரேயும் விட்டு, வழுக்கிக்கொண்டு போக வேண்டும். இழுத்துப் பிடித்தால் ஈரம் போதவில்லை. கிளே கறுத்ததும் பிசைந்து சுத்தமான பக்கத்தைத் திருப்புங்கள். தரையில் விழுந்தால் குப்பையில் போடுங்கள், விலையைப் பார்க்காதீர்கள். பெரிய துணுக்குகள் இருக்கும்போதே கிளே போட்டால் அவற்றை இழுத்துக்கொண்டு போய்க் கோடு போடும்.

போர் தண்ணீரில் கழுவலாமா?

கழுவலாம், காயவிடக் கூடாது. சிறுவாணித் தண்ணீர் வருகிற வீடாக இருந்தால் நீங்கள் கொடுத்து வைத்தவர், உப்பு குறைவு, கறை விழாது. ஆனால் குடிக்கிற தண்ணீரை காருக்குக் கொட்டுவது எனக்கு ஒப்பாது. கடைசி அலசலுக்கு மட்டும் ஒரு பக்கெட் நல்ல தண்ணீர் வைத்துக்கொண்டு, மீதியைப் போர் தண்ணீரிலேயே முடிக்கலாம். கோவையைச் சுற்றி உப்பளவு லிட்டருக்கு ஆயிரம் மில்லிகிராமைத் தாண்டும் போர்களும் உண்டு. அந்தத் தண்ணீர் வெயிலில் பெயின்ட் மேலேயே காய்ந்தால் வெள்ளை வட்டம் விழும், அது ரப்பரைவிடப் பெரிய தலைவலி.

ஆடி மாதத்தில் இன்னொரு தொந்தரவு. பாலக்காட்டுக் கணவாய் வழியாக வரும் காற்று, துடைத்துக்கொண்டிருக்கும்போதே மண்ணைக் கொண்டுவந்து போடும். அந்த மாதங்களில் மூடிய ஷெட் கிடைத்தால் மட்டும் இந்த வேலையைத் தொடங்குங்கள்.

செராமிக் கோட்டிங், பிபிஎஃப், மேட் பெயின்ட் இருந்தால்?

செராமிக் கோட்டிங் இருந்தால் ரப்பர் சுலபமாக வரும். ஒட்டவே ஒட்டாது என்று யாராவது சொல்லி விற்றிருந்தால் நம்பாதீர்கள். தார் ரிமூவர் போடலாம், கிளேயை மட்டும் தவிர்க்கப் பாருங்கள், கோட்டிங்கைத் தின்றுவிடும்.

பிபிஎஃப் என்பது ஒட்டிய பிளாஸ்டிக் படலம். மருந்தை அதன் ஓரத்தில் தேங்கவிட்டால் பசை இளகி விளிம்பு எழும்பும். துணியில் குறைவாக எடுத்து, அரை நிமிடத்துக்கு மேல் விடாமல், நடுவில் இருந்து துடையுங்கள். பழுப்புக் கறை இந்தப் படலத்துக்குள் இறங்கினால் பெரும்பாலும் திரும்பாது, அதனால் பிபிஎஃப் போட்டவர்கள்தான் மற்றவர்களைவிடச் சீக்கிரம் கழுவ வேண்டும்.

மேட் பெயின்ட் தனி ஜாதி. பாலிஷ், கிளே, அழுத்தித் தேய்ப்பது, மெழுகு எதுவும் கூடாது. தேய்த்த இடம் மட்டும் பளபளப்பாகிவிடும், அதைத் திரும்ப மங்க வைக்க வழியே இல்லை. மேட் பெயின்டுக்கென்று எழுதியிருக்கும் மருந்தை வைத்து ஒற்றி ஒற்றி எடுங்கள்.

ரேஸ் கார்களின் ஃபைபர் பாடிக்கும் இதேதானா?

ஏறக்குறைய இதேதான். ஃபார்முலா எல்ஜிபி மாதிரியான கார்களின் மேல்பாகம் கண்ணாடி இழை. அதில் எங்கேயாவது விரிசலோ கல் பட்டுப் பெயர்ந்த இடமோ இருந்தால் அந்த இடத்தில் மருந்தை விடாதீர்கள், உள்ளே இறங்கும். எண் ஸ்டிக்கர், ஸ்பான்சர் ஸ்டிக்கர் ஓரங்களில் முதலில் டேப் ஒட்டிவிட்டு வேலை செய்யுங்கள். கார்பன் ஃபைபரில் மேலே இருப்பது கிளியர் கோட்தான், பெயின்டுக்கு என்ன மரியாதையோ அதேதான் அதற்கும்.

டிராக்கைப் பற்றியும் ஒரு வார்த்தை. வெளியூர்க்காரர்கள் சிலர் ‘கரி’ என்ற பெயரை டயர் கரியோடு சேர்த்துப் புரிந்துகொள்கிறார்கள். அது எஸ். கரிவரதனின் பெயர். கோவையில் ரேஸ் கார்களை வடிவமைத்து, கட்டி, இளைஞர்களை ஓட்ட வைத்தவர். 1995-ல் விமான விபத்தில் இறந்துபோனார். 2.1 கிலோமீட்டர் நீளமுள்ள அந்த டிராக் அவர் நினைவாகத்தான் நிற்கிறது. 2005-ல் ஃபார்முலா ஒன்னில் ஓட்டிய முதல் இந்தியரான நரேன் கார்த்திகேயனும் கோவைக்காரர்தான். அந்த டிராக்கின் ரப்பரைத் துடைத்து எடுக்கிற ஒவ்வொரு தடவையும் எனக்கு அது பெருமையாகவே இருக்கும்.

வீலிலும் பிரேக்கிலும் ஒட்டியதை எப்படி எடுப்பது?

வீலின் வெளிமுகத்துக்குப் பெயின்டுக்குச் சொன்ன முறையே போதும். மருந்து டிஸ்க்கிலோ பிரேக் பேடிலோ படக் கூடாது. தெளிக்காமல் துணியில் எடுத்துத் துடையுங்கள். தவறிப் பட்டால் பிரேக் கிளீனர் அடித்துவிட்டுத்தான் வண்டியை எடுக்க வேண்டும். வீலில் அடித்தால் ஊதா நிறத்தில் வழியும் ஸ்பிரே ஒன்று இருக்கிறதே, அது பிரேக்கில் இருந்து வரும் இரும்புத் தூளுக்கு. ரப்பரை அது தொடாது. இரண்டும் ஒட்டியிருந்தால் முதலில் ரப்பர், பிறகு இரும்பு. சில வாட்டர் சர்வீஸ் கடைகளில் வீலுக்கு ஆசிட் போடுகிறார்கள், அதற்கு ஒத்துக்கொள்ளாதீர்கள். அலாய் வெளுத்துப் புள்ளி விழும்.

பலர் கவனிக்காத இடம் வீலின் உட்பக்கம். டிராக் ஓரத்தில் கோலிக்குண்டு மாதிரி உருண்டு கிடக்கும் ரப்பர் உருண்டைகள் சூடான டயரிலும் ரிம்மின் உள்விளிம்பிலும் ஒட்டிக்கொள்ளும். வீட்டுக்குத் திரும்பும்போது எண்பது கிலோமீட்டரில் ஸ்டியரிங் உதறுகிறது, பேலன்சிங் போய்விட்டது என்று பதறி வருவார்கள். வீலைக் கழற்றி உட்பக்கத்து ரப்பரை எடுத்தால் பல சமயம் உதறல் நின்றுவிடும். அதைப் பார்க்காமல் பேலன்சிங் பண்ணினால் நாலு நாள் கழித்து ரப்பர் உதிர்ந்ததும் மறுபடியும் உதறும்.

டயரில் மருந்து போடாதீர்கள். துணுக்கை உப்ப வைக்கிற அதே மருந்து டயரையும் உப்ப வைக்கும். கண்ணாடி ஓரத்து ரப்பர் பீடிங்குக்கும் இதே கதி.

ரேடியேட்டரிலும் ரப்பர் போகுமா?

போகும். முன்னால் ஓடும் கார் தூக்கியடிக்கும் ரப்பர் பொடி ரேடியேட்டர், இன்டர்கூலர் இதழ்களுக்கு நடுவில் செருகிக்கொள்ளும். அடுத்த முறை டிராக்கில் வண்டி சூடாவதற்கு இதுவும் ஒரு காரணம். பிரஷர் வாஷரை நேராகக் காட்டினால் இதழ்கள் மடிந்துபோகும். என்ஜின் பக்கத்தில் இருந்து வெளிப்பக்கமாக, சாதாரண ஹோஸ் தண்ணீரை மெதுவாக விடுங்கள். வந்த வழியே திரும்பிப் போய்விடும்.

கண்ணாடி, ஹெட்லைட், சைலன்சர் முனை?

கண்ணாடியில் ஈரம் வைத்துப் புது பிளேடைப் படுக்க வைத்து எடுக்கலாம், மேலே ஃபிலிம் ஒட்டியிருந்தால் கூடாது. ஹெட்லைட்டும் டெயில் லைட்டும் பிளாஸ்டிக். கடுமையான மருந்து பட்டால் உள்ளுக்குள் மயிரிழை விரிசல் ஓடும். அவற்றுக்கு ஷாம்பு, பிறகு கிளே, அதோடு நிறுத்துங்கள். சைலன்சர் முனையில் உருகி ஒட்டிய ரப்பர் நன்றாக ஆறிய பிறகு, உலோகப் பாலிஷும் நாலு சைபர் (0000) என்று எழுதியிருக்கும் மிக மெல்லிய ஸ்டீல் வுல்லும் போட்டால் வரும்.

அடுத்த டிராக் டேக்கு முன்னால் ஏதாவது செய்து வைக்கலாமா?

கட்டாயம். முந்தின நாள் காரைக் கழுவி, ஸ்கர்ட், வீல் ஆர்ச்சுக்குப் பின்பக்கம், பின் பம்பர் மூலைகளில் மெழுகை வழக்கத்தைவிடத் தடிமனாகப் போட்டு வையுங்கள். துணுக்கு மெழுகில்தான் ஒட்டும், மெழுகோடு வந்துவிடும். இன்னும் பத்திரமாக வேண்டுமானால் பெயின்டர்கள் ஒட்டும் மாஸ்கிங் டேப்பை அந்த இடங்களில் வரிசையாக ஒட்டுங்கள். பார்க்க அழகாக இருக்காது, ஆனால் சாயங்காலம் உரித்துப் போட்டால் வேலை முடிந்தது. அன்றைக்கே உரித்துவிடுங்கள். செட்டிபாளையத்து வெயிலில் இரண்டு நாள் விட்டால் பசை பெயின்டோடு சேர்ந்து காய்ந்து, ரப்பருக்குப் பதில் பசையைச் சுரண்டிக்கொண்டிருப்பீர்கள்.

முன் சக்கரம் இழுக்கும் காரா, பின் சக்கரம் தள்ளும் காரா என்று பார்த்து டேப் ஒட்டுங்கள். முதல் வகையில் முன் டோரின் கீழ்ப்பாதிதான் அடி வாங்கும்.

ரோட்டில் பர்ன்-அவுட் பண்ணினதில் ஒட்டியது. அதற்கும் இதே முறைதானா?

முறை ஒன்றுதான், கூடவே தார்ப்புள்ளியும் இருக்கும், இரண்டுக்கும் ஒரே மருந்து. ஆனால் தயவுசெய்து ரோட்டில் பண்ணாதீர்கள். பொதுச் சாலையில் ரேஸ் விடுபவர்களைத் தண்டிக்க மோட்டார் வாகனச் சட்டம் 189-ஆவது பிரிவு இருக்கிறது, அதைவிடப் பெரிது எதிரில் டூவீலரில் வருகிறவரின் உயிர். உங்கள் வீட்டில் இருந்து அரை மணி, ஒரு மணி நேரத்தில் ஒரு டிராக் இருக்கிற ஊரில் நீங்கள் வாழ்கிறீர்கள்.

அழுக்குத் துணியையும் மருந்துத் தண்ணீரையும் என்ன செய்வது?

சாக்கடையில் ஊற்ற வேண்டாம். மேலே 6பிபிடி என்று ஒன்றைச் சொன்னேன் அல்லவா? காற்றில் உள்ள ஓசோனோடு சேர்ந்து அது மாறும் பொருள், அமெரிக்காவின் மேற்குக் கரை ஓடைகளில் கோஹோ சால்மன் மீன்களைக் கொல்கிறது என்று 2020-ல் ஆராய்ச்சியாளர்கள் கண்டுபிடித்தார்கள். மழை பெய்து ரோட்டுத் தண்ணீர் ஓடையில் கலந்ததும் மீன்கள் ஏன் செத்து மிதக்கின்றன என்று பல வருடம் தேடிக் கிடைத்த விடை அது. நம் நொய்யல் ஆறு சாயத் தண்ணீரில் பட்டது போதும். ரப்பர் துணுக்குகளைத் துணியோடு சேர்த்துத் திறந்த வெளியில் காயவிட்டு, மருந்து ஆவியான பிறகு மூடிய டப்பாவில் போட்டு, பழைய ஆயில் எடுக்கிறவர்களிடம் சேர்த்துக் கொடுங்கள். ஈரத் துணிகளைக் குவியலாக மூலையில் போட்டுவைப்பது தீ விபத்துக்கு வழி.

ரப்பர் முழுசாகப் போய்விட்டது என்று எப்படித் தெரிந்துகொள்வது?

கண்ணை நம்பாதீர்கள், கையை நம்புங்கள். காய்கறிக் கடையில் தரும் மெல்லிய பாலித்தீன் கவரைக் கையில் மாட்டிக்கொண்டு, கழுவித் துடைத்த பேனல் மேல் விரல் நுனியால் லேசாகத் தடவுங்கள். வெறும் கைக்கு வழுவழுப்பாகத் தெரிந்த இடம் கவரோடு தடவும்போது பொடி மணலாக உறுத்தினால் இன்னும் இருக்கிறது. அந்த இடத்துக்கு மட்டும் மறுபடியும் கிளே. அப்புறம் மறுநாள் காலையில், வெயில் சாய்வாக விழும் நேரத்தில், காரைச் சுற்றி ஒரு நடை நடந்து பாருங்கள். முந்தின நாள் ராத்திரி டியூப்லைட்டில் தெரியாதது எல்லாம் அப்போது தெரியும். அதையும் எடுத்த பிறகுதான் மெழுகு.